சாயக்கழிவுநீரின் நிறம் நீக்கக் கரிசல் களிமண்: குடுவை முதல் டிரம் வரை

கல்லூரிச் செயல்திட்டங்களிலும் சிறு பட்டறைகளிலும் களிமண்ணை வைத்துச் சாயம் நீக்கும் முயற்சி அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகிறது. மெத்திலீன் புளூ என்னும் நீலச்சாயம் கரைத்த நீர் கண்ணெதிரே தெளிகிறது. 99 விழுக்காடு என்று எழுதிவிடுகிறார்கள். பிறகு அதே மண்ணைப் பருத்திச் சாயப்பட்டறைத் தண்ணீரில் போட்டால் சிவப்பு அசையாமல் நிற்கிறது. குற்றம் மண்ணில் இல்லை, தொடங்கிய இடத்தில் இருக்கிறது. மண்ணிலிருந்து தொடங்காமல் சாயத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கீழே உள்ள படிகளை எழுதிய வரிசையிலேயே செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் எண் அடுத்த படிக்குத் தேவைப்படுகிறது.

## 1. சாயம் எந்த மின்னேற்றம் கொண்டது?

கரிசல் மண்ணிலும், கடையில் கிடைக்கும் பெண்டோனைட் என்னும் களிமண்ணிலும் உள்ள மான்ட்மொரில்லோனைட் என்னும் கனிமத்தின் தகடுகள் எதிர்மின் ஏற்றம் கொண்டவை. அவை நேர்மின் சாயங்களைத்தான் இழுத்துப் பிடிக்கும். மெத்திலீன் புளூ, கிரிஸ்டல் வயலட், மாலகைட் கிரீன், அக்ரிலிக் நூலுக்குப் போடும் பேசிக் சாயங்கள் எல்லாம் இந்த வகை.

பருத்திக்குப் போடும் ரியாக்டிவ், டைரக்ட் சாயங்களும் கம்பளி, பட்டு, நைலானுக்குப் போடும் ஆசிட் சாயங்களும் சல்போனேட் தொகுதிகளால் எதிர்மின் ஏற்றம் பெற்றவை. வெறும் களிமண் அவற்றை அநேகமாகத் தொடாது. திருப்பூர் பின்னலாடைக்கு ஓடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். அங்கே வேலை செய்யப் போகிறவர்கள் 8ஆம் படியை இப்போதே ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

சாயத்தின் வகை தெரியாவிட்டால் இரண்டு சோதனைக் குழாய்களில் நீர்த்த சாயநீர் 10 மி.லி. வீதம் எடுங்கள். ஒன்றில் மட்டும் முல்தானி மட்டி ஒரு சிட்டிகை போடுங்கள். இரண்டையும் குலுக்கி இரவு முழுவதும் விடுங்கள். மண் நிறமேறி மேல்நீர் வெளுத்தால் நேர்மின் சாயம். மண் தன் நிறத்திலேயே கிடந்தால் எதிர்மின் சாயம்.

மண் போடாத குழாய் எதற்கு? டிஸ்பெர்ஸ், வாட் சாயங்கள் நீரில் கரையாத துகள்கள். தாமாகவே அடியில் படியக்கூடும். அந்தப் பெருமையை மண்ணுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

## 2. மண்ணைத் தேர்ந்து எடுத்தல்

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை பக்கத்துக் கரிசல் இந்த வேலைக்கு ஏற்றது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பதும், மழையில் உப்பி மூடிக்கொள்வதும் மான்ட்மொரில்லோனைட் வகைக் கனிமம் இருப்பதற்கான அடையாளம். செம்மண்ணில் மிகுந்திருப்பது கயோலினைட். அதன் அயனிப் பரிமாற்றத் திறன், அதாவது நேர்மின் அயனிகளை மாற்றிப் பிடிக்கும் அளவு, 100 கிராமுக்கு 3 முதல் 15 மில்லி சமானம்தான். மான்ட்மொரில்லோனைட்டுக்கு ஏறத்தாழ 80 முதல் 150 வரை. நிறத்தைப் பார்த்தே பாதி முடிவை எடுத்துவிடலாம்.

உரம் போட்ட வயலில் எடுக்காதீர்கள். பயிரிடாத ஓரத்தில், ஒரு அடி ஆழத்துக்குக் கீழே தோண்டுங்கள். மேல்மண்ணில் வேரும் மட்கும் இருக்கும். அவை சாயத்தைப் பிடிக்கவும் செய்யும், தாமே பழுப்பு நிறம் விடவும் செய்யும்.

நிழலில் உலர்த்தி மரக்கட்டையால் தட்டி உடையுங்கள். மாவாக அரைக்க வேண்டாம். அரைத்தால் மணலும் பொடியாகிக் களியோடு கலந்துவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. 2 மி.மீ. சல்லடையில் சலித்து, வேரையும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகளையும் கையால் பொறுக்கி எறியுங்கள்.

## 3. மண்ணிலிருந்து களியைப் பிரித்தல்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். முதலில் சுண்ணாம்பு, பிறகு உப்பு, பிறகு படியவிடல். இதில் ஒன்றை முன்பின் மாற்றினாலும் வேலை கெடும்.

சுண்ணாம்பு நீக்கம். கரிசலில் கால்சியம் கார்பனேட் கலந்திருக்கும். மண்ணை நீரில் குழைத்து வினிகரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுங்கள். நுரைப்பு நின்றதும் நிறுத்திவிடுங்கள், பி.எச். 5க்குக் கீழே இறக்க வேண்டாம். அவசரப்பட்டு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் சுண்ணாம்போடு களிமண்ணின் அலுமினியமும் கரைந்து போகும்.

சோடியம் ஏற்றுதல். லிட்டருக்கு 58.5 கிராம் சோடியம் குளோரைடு கரைசலில் மண்ணை ஒரு மணி நேரம் கலக்கி, படிந்ததும் மேல்நீரைக் கொட்டுங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். கல்லுப்பில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கும் என்பதால் சோதனைக்கூட உப்பே வேண்டும். கால்சியம் இருக்கும்வரை களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக விழும். சோடியம் ஏறினால்தான் தனித்தனியாக மிதக்கும். சுண்ணாம்பை முதலில் நீக்கச் சொன்ன காரணமும் இதுவே: அது இருந்தால் கால்சியம் கரைந்து வந்துகொண்டே இருக்கும்.

கழுவுதல். வாலைவடிநீரில் கழுவி வடியுங்கள். வடித்த நீரில் ஒரு துளி சில்வர் நைட்ரேட் விட்டால் பால்போல் கலங்கக் கூடாது. அதற்கு முன்பே மண் ஒரு சேதி சொல்லும். இதுவரை பத்து நிமிடத்தில் படிந்த களி திடீரெனப் படிய மறுத்து, பாத்திரம் முழுக்கச் சாம்பல் கலங்கலாகவே நிற்கும். பலர் இதைப் பார்த்ததும் ஏதோ கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுகிறார்கள். உப்பு போய்விட்டது, களி பிரிந்துவிட்டது என்பதே அதன் பொருள். இதற்கு மேல் கழுவ வேண்டுமானால் மையவிலக்கி வேண்டும்.

படியவிடல். ஒரு லிட்டர் நீருக்கு 20 கிராம் மண் போதும். மிகுந்தால் துகள்கள் ஒன்றையொன்று தடுக்கும். நன்றாகக் கலக்கி அசையாத மேடையில் வையுங்கள். 20 டிகிரி செல்சியஸில் 2 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் 10 செ.மீ. இறங்கச் சுமார் 8 மணி நேரம் ஆகும். நம் ஊர் 30 டிகிரியில் நீர் இளகலாக இருப்பதால் ஆறரை மணி நேரம் போதும். அதன் பிறகு மேல் 10 செ.மீ. நீரை மட்டும் ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுங்கள். சாய்த்து ஊற்றினால் அடியிலுள்ள வண்டல் கிளம்பிவிடும்.

உலர்த்தல். அந்தக் கலங்கலை அகலத் தட்டுகளில் ஊற்றி 60 டிகிரியில் உலர்த்தினால் ஓரம் சுருண்டு அப்பளம் போல மெல்லிய பளபளப்பான தகடுகளாக எழும்பும். அவற்றை உரலில் பொடித்து 75 மைக்ரான் சல்லடையில் சலித்து, 105 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்த கலனில் மூடுங்கள். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்து எடை கூடும். பானை சுடும் சூட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். களி உப்பும் தன்மையை இழந்துவிடும். பொடிக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

## 4. களியின் திறனை வளையச் சோதனையால் அளத்தல்

வார்ப்பாலைகளில் பெண்டோனைட்டைச் சோதிக்கும் பழைய முறை இது. செலவு குறைவு. இதைத் தாண்டிக் குதித்துவிட்டு, களிமண் எவ்வளவு போடுவது என்று பிறகு ஊகிக்கிறார்கள்.

உலர்ந்த களி 1 கிராமை 150 மி.லி. வாலைவடிநீரில் கலக்கி, சில துளி நீர்த்த சல்பூரிக் அமிலத்தால் பி.எச்.ஐ 3 அளவுக்குக் கொண்டுவாருங்கள். மெத்திலீன் புளூ (மூன்று நீர்மூலக்கூறு கொண்டது) லிட்டருக்கு 3.74 கிராம் கரைசலை முதலில் 5 மி.லி. வீதமும், முடிவு நெருங்கும்போது 1 மி.லி. வீதமும் சேருங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் கலக்கி, கண்ணாடிக் குச்சியால் ஒரு துளி எடுத்து வடிதாளில் வையுங்கள்.

தொடக்கத்தில் அடர்நீலப் பொட்டும் அதைச் சுற்றி நிறமற்ற ஈரமும் தெரியும். களி நிரம்பியதும் பொட்டைச் சுற்றி வெளிர்நீல வளையம் தோன்றும். இன்னும் இரண்டு நிமிடம் கலக்கிய பிறகும் வளையம் மறையாவிட்டால் அதுவே முடிவு.

1 கிராம் களிக்குச் செலவான மி.லி.தான் 100 கிராமுக்கான பரிமாற்றத் திறன், மில்லி சமானத்தில். 60 மி.லி. செலவானால் திறன் 60. அப்படியானால் ஒரு கிராம் களி தோராயமாக 190 மி.கி. மெத்திலீன் புளூவைப் பிடிக்கும். இந்த எண்ணைக் குறித்துவையுங்கள். கீழே உள்ள கணக்குகள் இதை வைத்துத்தான்.

## 5. அளவீட்டுக் கோடு வரைதல்

ஒளி உறிஞ்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் மெத்திலீன் புளூவை 664 நானோமீட்டரில் அளக்க வேண்டும். லிட்டருக்கு 0.5, 1, 2, 3, 4 மி.கி. கரைசல்கள் போதும். ஒளி உறிஞ்சல் 1ஐத் தாண்டினால் கோடு வளையத் தொடங்கும். 50 மி.கி. கரைசலை நீர்க்காமல் அப்படியே வைத்து அளப்பது அன்றாடம் காணும் பிழை.

குறைந்த செறிவிலிருந்து கூடிய செறிவுக்குப் போங்கள். இந்தச் சாயம் குவெட்டின் (மாதிரி ஊற்றும் சிறு கலத்தின்) சுவரில் ஒட்டும். தலைகீழாகப் போனால் முந்தைய நீலம் அடுத்த அளவையும் கெடுக்கும். இடையிடையே எத்தனாலால் கழுவுங்கள்.

புட்டியில் உள்ளது நீர்மூலக்கூறு கொண்ட சாயமா அற்றதா என்று பார்த்து, ஒரே கணக்கில் கடைசிவரை நில்லுங்கள். இரண்டுக்கும் எடையில் 14 விழுக்காடுக்கு மேல் வேறுபாடு.

## 6. குடுவைச் சோதனை

எப்போதும் மூன்று குடுவைகள்: சாயமும் களியும், சாயம் மட்டும், களி மட்டும். சாயம் மட்டும் உள்ள குடுவை கண்ணாடி எவ்வளவு சாயத்தை உறிஞ்சியது என்று காட்டும். களி மட்டும் உள்ளது எவ்வளவு கலங்கல் மிச்சமிருக்கிறது என்று காட்டும். இந்த இரண்டும் இல்லாத அட்டவணையை நான் படிப்பதே இல்லை.

களியின் அளவு. லிட்டருக்கு 100 மி.கி. சாயநீர் 200 மி.லி. எடுங்கள். அதில் 20 மி.கி. சாயம் இருக்கிறது. களி 0.1 கிராம் போட்டால் அதன் திறனையொட்டி வேலை வாங்குகிறோம். கலக்கிய பிறகு லிட்டருக்கு 12 மி.கி. மிச்சமிருந்தால், லிட்டருக்கு நீங்கிய 88 மி.கி.யை 0.2 லிட்டரால் பெருக்கி 0.1 கிராமால் வகுக்க, கிராமுக்கு 176 மி.கி.

இதே நீரில் 1 கிராம் களியைக் கொட்டினால் 99.5 விழுக்காடு நீங்கும். அட்டவணை அழகாக இருக்கும். ஆனால் கிராமுக்கு 19.9 மி.கி. மட்டுமே பிடித்திருக்கிறது. மண் நல்லதா கெட்டதா என்பதை அந்த 99.5 சொல்லாது. நீக்க விழுக்காட்டை மட்டும் எழுதி, களியின் எடையை மறைக்கும் அறிக்கைகள் ஏராளம்.

முதலில் நேரம். 5, 15, 30, 60, 120 நிமிடங்களில் மாதிரி எடுங்கள். எப்போது அளவு மாறாமல் நிற்கிறதோ அதுவே சமநிலை நேரம். அது தெரியாமல் பி.எச்., செறிவு என்று போனால் பாதியில் நின்ற வேலைகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு பி.எச். களியைப் போட்ட பிறகு மறுபடி அளந்து சரிசெய்யுங்கள். களி தானே பி.எச்.ஐ மாற்றும். மாலகைட் கிரீன் காரநீரில் களியே இல்லாமலும் நிறமிழக்கும். நிறம் போனது களியாலா காரத்தாலா என்பதற்குச் சாயம் மட்டும் உள்ள குடுவைதான் சாட்சி.

கடைசியாகச் செறிவு. களியை மாற்றாமல் சாயத்தின் செறிவை மட்டும் 25 முதல் 300 மி.கி. வரை மாற்றி நீரில் மிஞ்சும் செறிவையும் களி பிடித்த அளவையும் இணைக்கும் லாங்முயர், பிராய்ன்ட்லிச் சமன்பாடுகளில் பொருத்திப் பாருங்கள். லாங்முயரை நேர்கோடாக்கி வரையும்போது இரண்டு அச்சிலும் சமநிலைச் செறிவே வந்து நிற்கும்; மோசமான தரவுகூடப் பொருத்தத்தின் R² அளவு 0.99 என்று காட்டும். எக்செல்லில் சால்வர் கொண்டு வளைகோட்டையே நேரடியாகப் பொருத்துவது மேல்.

## 7. களியையும் நீரையும் பிரித்தல்

வடிதாளில் வடிக்காதீர்கள். வடிதாள் செல்லுலோஸ், மெத்திலீன் புளூவை அதுவே பிடித்துக்கொள்ளும். வடிதாளின் வேலையைக் களியின் கணக்கில் எழுத நேரும். ஐயமிருந்தால் லிட்டருக்கு 5 மி.கி. சாயநீரை வெறும் வடிதாளில் ஊற்றி, முன்னும் பின்னும் அளந்து பாருங்கள்.

மையவிலக்கியில் சுழற்றி மேல்நீரைப் பிப்பெட்டால் எடுங்கள். எடுத்த நீரை 800 நானோமீட்டரிலும் ஒருமுறை அளக்க வேண்டும். அங்கே மெத்திலீன் புளூ அநேகமாக ஒளியை உறிஞ்சாது. அளவு காட்டினால் அது மிதக்கும் களி. இன்னும் சுழற்றுங்கள். சோடியம் ஏற்றிய களி இதில் பிடிவாதக்காரன்.

களியின் மேல் ஏறிய நீலம் சில சமயம் ஊதாவாகத் தெரியும். சாய மூலக்கூறுகள் களிப்பரப்பில் நெருங்கி அடுக்கிக்கொள்வதால் வரும் மாற்றம் இது. சாயம் சிதைந்துவிட்டது என்று எழுத வேண்டாம்.

## 8. ரியாக்டிவ் சாயத்துக்குக் களியை மாற்றியமைத்தல்

எதிர்மின் சாயத்தைப் பிடிக்க வேண்டுமானால் களியின் பரப்பை நேர்மின்னாக்க வேண்டும். அதற்குச் செட்டைல்டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு பயன்படுகிறது, புட்டியில் சி.டி.ஏ.பி. என்றிருக்கும்.

4ஆம் படியின் வளையச் சோதனை எண் இங்கே மறுபடி வருகிறது. திறன் 60 உள்ள களி 10 கிராமுக்கு 6 மில்லிமோல், அதாவது 2.2 கிராம் சி.டி.ஏ.பி. இடத்தை நிரப்பும். ஆனால் அந்த அளவோடு நின்றால் மின்னேற்றம் சமமாகும், மறுபுறம் திரும்பாது. ஒன்றரை மடங்கு, அதாவது 3.3 கிராம் போட்டால்தான் இரண்டாம் அடுக்கு படிந்து பரப்பு நேர்மின்னாகும். பலர் இங்கே சிக்கனம் பார்த்துவிட்டு, மாற்றிய களியும் வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

களியை முதல் நாளே நீரில் ஊறவிடுங்கள். சி.டி.ஏ.பி.யைத் தனியே 60 டிகிரி வெந்நீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே மெதுவாக ஊற்றி நான்கு மணி நேரம் கலக்குங்கள். சில்வர் நைட்ரேட் துளிக்கு வெளிர்மஞ்சள் கலங்கல் வராத வரை கழுவுங்கள். அரைகுறையாகக் கழுவினால் மிச்ச சி.டி.ஏ.பி. சாயத்தோடு நேரடியாகச் சேர்ந்து வீழ்படிவாகும். அதுவும் நிறநீக்கம் போலவே தெரியும். இது மீன்களுக்கு நஞ்சு. கழுவிய நீரைச் சாக்கடையில் விடக் கூடாது. சுத்திகரித்த நீரில் இது கசிகிறதா என்று பார்க்காமல் வெளியே விடவும் கூடாது.

## 9. உண்மையான பட்டறைத் தண்ணீர்

சோதனைக்கூடச் சாயநீரில் கிடைத்த எண்ணைக் கொண்டுபோய் இங்கே ஒட்டாதீர்கள். ரியாக்டிவ் சாயக்குளியல் நீரில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு இருக்கும். சோடா ஆஷால் பி.எச். 11ஐ ஒட்டியிருக்கும். சோப்பும் மென்மையாக்கியும் வேறு. நேர்மின் மென்மையாக்கி கலந்திருந்தால் அது களியின் இடங்களைச் சாயத்துக்கு முன்பே பிடித்துக்கொள்ளும்.

சாயக்குளியல், கழுவல், சோப்பு நீர் மூன்றையும் தனித்தனியே எடுத்துச் சோதியுங்கள். ஆறவிட்டு, பி.எச்.ஐ 7க்குக் கொண்டுவந்த பிறகே களியைச் சேருங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் கலந்த நீரை ஒரே அலைநீளத்தில் அளந்து பயனில்லை. 436, 525, 620 நானோமீட்டர் மூன்றிலும் அளந்தால்தான் எந்த நிறம் மிஞ்சுகிறது என்று தெரியும்.

களியை உலர்பொடியாக உப்புநீரில் கொட்டினால் கட்டி பிடித்து, உள்ளே உள்ள பாதி நனையாமலே கிடக்கும். நல்ல நீரில் ஓர் இரவு ஊறவைத்துக் கூழாக்கி ஊற்றுங்கள்.

## 10. டிரம் அளவில்

பேசிக் சாயம் போடும் சிறு பட்டறைக்கு 100 லிட்டர் டிரம் ஒன்று தொடக்கத்துக்குப் போதும். 3ஆம் படியில் பிரித்த தூய களி இந்த அளவுக்குக் கட்டுப்படியாகாது. சலித்த கரிசலோ கடையில் வாங்கிய பெண்டோனைட்டோ எடுங்கள். அதற்கும் தனியே வளையச் சோதனை செய்யுங்கள். மணல் கலந்திருப்பதால் எண் குறைவாகவே வரும்.

நூறு லிட்டரில் லிட்டருக்கு 100 மி.கி. இருந்தால் மொத்தச் சாயம் 10 கிராம். திறன் 30 உள்ள மண் கிராமுக்கு 95 மி.கி. அளவில் பிடிக்கும், குறைந்தது 105 கிராம் வேண்டும். ஒரு லிட்டர் முகவைகளில் 1, 2, 3 கிராம் போட்டுப் பார்த்து, நிறம் போதுமான அளவு நீங்கும் மிகக் குறைந்த அளவை டிரம்முக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அள்ளிப் போடும் ஒவ்வொரு கிலோவும் சகதியாகத் திரும்ப வரும்.

கலக்கி முடித்ததும் படிகாரம் சிறிது சேர்த்தால் களி திரண்டு விழும். வடிகுழாயை அடியிலிருந்து ஒரு சாண் மேலே பொருத்துங்கள். அடியில் பொருத்தினால் முதலில் வருவதே சகதிதான். தெளிநீர் அடுத்து ஆர்.ஓ. இயந்திரத்துக்குப் போவதானால் மணல் வடிகட்டியும் அதன் பின் நுண்வடிகட்டியும் இல்லாமல் அனுப்பாதீர்கள். மிச்சக் களி சவ்வை அடைத்துவிடும்.

நீர் நிறமற்றுப் போனதும் வாய்க்காலில் திறந்துவிடும் துணிச்சல் வரும். களிமண் உப்பை எடுப்பதில்லை. உள்நாட்டு நீர்நிலையில் விட, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. சாயக்குளியல் நீர் தெளிந்த பிறகும் அதைப் பல மடங்கு தாண்டி நிற்கும். கரைந்த திடப்பொருளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை ஒருமுறை முக்கினால் தெரிந்துவிடும்.

## 11. சாயமேறிய சகதி

சகதியைத் துணியில் கட்டிப் பிழிந்து, மழை படாத சிமெண்ட் தளத்தில் உலர்த்துங்கள். பிழிந்த நீர் மறுபடி டிரம்முக்கே போக வேண்டும்.

சிறிது சகதியை எடுத்து, ஒரு பங்கை வாலைவடிநீரிலும் இன்னொரு பங்கை லிட்டருக்கு 58.5 கிராம் உப்புநீரிலும் ஓர் இரவு குலுக்கி வையுங்கள். உப்புநீரில் நிறம் இறங்கினால் சாயம் தளர்வாகத்தான் ஒட்டியிருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் சகதியைச் செங்கல்லில் கலக்கலாம், செடிக்குப் போடலாம் என்று யோசனை சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

தொழில் நடத்தும் பட்டறையின் கழிவுநீர்ச் சகதி 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. டிரம்மை வாங்குவதற்கு முன்பே, சகதியை எங்கே ஒப்படைப்பது, எவ்வளவு கட்டணம் என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிலோவுக்கு ஆகும் அந்தச் செலவைப் போட்டுப் பார்த்த பிறகுதான் மண் மலிவா இல்லையா என்று தெரியும்.